கிழியாத சட்டையும் விடாத கருப்பும்

யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும் ஒவ்வோராண்டும் ஒரு சட்டை என்னை நிறுத்திவிடும். உடன்பிறந்தோர் தம் இளவலைப் பாழ்ங்கிணற்றில் போட்டுவிட்டு, இருட்டிய பின் அழுதவண்ணம் தந்தையிடம் வருகின்றனர். ஓநாய் தின்றுவிட்டது என்கின்றனர். சான்றாக இரத்தம் தோய்ந்த சட்டையையும் நீட்டுகின்றனர். யஃகூப் (அலை) அவர்கள் அதனை நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதற்கு விரிவுரையாளர்கள் கூறும் காரணம் சுவையானது. சட்டையில் இரத்தம் இருந்தது, கிழிசல் இல்லை. பிள்ளையைத் தின்ற ஓநாய் சட்டையின் மீது மட்டும் இத்துணைப் பரிவு காட்டிற்றோ என்று அம்முதியவர் வினவினாராம்.

இதனைக் கூறுவது திருமறையைக் கதைநூலாகக் காட்டுவதற்கன்று. கொலை நடந்ததாக ஒரு சேதி, பழியை மறுக்க வாயில்லாத ஒரு விலங்கு, அழுகின்ற சாட்சிகள், அழுகையில் மயங்காத ஒரு கண். துப்பறியும் கதை என நாம் வழங்கும் இலக்கிய வகையின் கரு இதுவே என்பதை நினைவூட்டவே கூறுகின்றேன். அவ்வகை எழுத்து நமக்கு அயலானது, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று ஒதுக்கிவிடும் ஆலிம்கள் நம்மில் உண்டு. நானும் நெடுநாள் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன். தமிழில் புதினம் பிறந்த தொடக்கக் காலத்திலேயே, 1885-இல், கண்டி சித்திலெவ்வை அவர்கள் ‘அசன்பே சரித்திரம்’ எழுதி, மர்மமும் தேடலும் நிறைந்த கதையைத் தமிழ் முஸ்லிம் வீடுகளுக்குள் கொண்டு வந்துவிட்டார் என்பதை அறிந்திருந்தும் ஒதுக்கினேன். தெரிந்தே செய்த பிழை அது.

அந்தச் சட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அண்மையில் ‘மர்மதேசம்’ தொடரை மீண்டும் பார்த்தேன். மீண்டும் என்று எழுதுவது தவறு. முதன்முறையாக முழுமையாகப் பார்த்தேன்.

இளைய வாசகர்க்காகச் சில விவரங்கள். சன் தொலைக்காட்சி தொடங்கியது 1993-இல். அதற்கடுத்த சில ஆண்டுகளில், இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, மதுரை எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, வாரம் ஒருநாள் இரவில் வந்த தொடர் இது. ஒரே கதை அன்று. ‘மர்மதேசம்’ என்னும் பொதுப் பெயரின்கீழ் ஒன்றன்பின் ஒன்றாக வந்த தனித்தனிக் கதைகள். அவற்றுள் மக்கள் நினைவில் நின்றவை முதலில் வந்த ‘ரகசிய’மும் அதனையடுத்து வந்த ‘விடாது கருப்பு’ம். பின்வந்தவை வேறொரு அலைவரிசையில் ஒளிபரப்பாகி அவ்வளவு பேசப்படாமல் போயின. 1999-இன் இறுதியில் ‘சித்தி’ தொடங்கிற்று. அதன்பின் நாள்தோறும் வரும் குடும்பத் தொடர்கள் மாலைப்பொழுதை வளைத்துக்கொண்டன. வாரம் ஒருமுறை வந்து, சிந்திக்க ஆறு நாள் அவகாசம் தந்த மர்மத் தொடர்களின் காலம் பெரும்பாலும் கழிந்தது. ஆயுள் குறைவுதான். ஆயினும் முப்பதாண்டு நெருங்கியும் அதன் பெயரைச் சொன்னால் ஐம்பது வயதினர் இன்னும் தோளைக் குலுக்கிக்கொள்கின்றனர்.

‘ரகசிய’த்தின் களம் சித்தர்பட்டி என்னும் ஊர். அங்கே பைரவர் கோயில். அந்திக்குப் பின் கோயிலுக்குள் தங்குபவர் உயிரோடு வெளிவருவதில்லை. பைரவரின் நாய் விடாது என்பது ஊரார் நம்பிக்கை. உள்ளே ஒன்பது நஞ்சுகளைக் கட்டிச் சித்தர் செய்த நவபாஷாண லிங்கம் இருக்கின்றது. அதன்மேல் சில மனிதர்க்கு ஆசை. கதை நகர நகர, தெய்வத்தின் நாய்க்குப் பின்னால் மனிதரின் நிழல் அசைவதை நாம் உணர்கின்றோம். பழியை மறுக்க வாயில்லாத விலங்கு என்று மேலே எழுதினேனே, அதே விலங்கு. ஊரார் எவரும் சட்டையில் கிழிசல் உண்டா என்று பார்க்கவில்லை. பார்க்க வந்தவர்களை ஊரே வெறுக்கின்றது. இந்த வெறுப்பை நாகா காட்டியிருக்கும் முறை என்னைக் கவர்ந்தது. ஊரார் தீயவர்களல்லர், அஞ்சியவர்கள். அஞ்சியவனிடம் ஆதாரம் கேட்டால் அவன் அதனை அவமதிப்பாகவே கொள்வான்.

‘விடாது கருப்பு’ இதனினும் ஆழமானது. இந்துச் சகோதரர்கள் ஊர்க்காவல் தெய்வமாக வணங்கும் கருப்புசாமி, குதிரை மீது வந்து குற்றவாளிகளை வெட்டிச் சாய்ப்பதாக ஒரு சிற்றூர் நம்புகின்றது. செத்தவர்கள் எவரும் நல்லவர்களல்லர் என்பதால் ஊரார்க்கு அதில் ஒரு நிறைவும் இருக்கின்றது. நீதிமன்றம் தராத நீதியை இருட்டு தருகின்றதே என்னும் நிறைவு. இராசேந்திரன் என்னும் சிறுவனின் அச்சமும், அவன் வளர்ந்து நகரத்துக்கு வந்தபின்னும் அவனை விடாத அதே அச்சமும் மாறிமாறித் திரையில் வருகின்றன. வளர்ந்தவனாகச் சேத்தன் நடித்திருக்கிறார். பின்னர் அவருடைய வாழ்க்கைத் துணைவியான தேவதர்சினியும் இதில் உண்டு. கொலைகளின் முடிச்சை, ஓர் உடலுக்குள் இரண்டு ஆட்கள் வாழ்வதைப் போன்ற மனப்பிளவு நோயில் கொண்டுபோய் அவிழ்க்கின்றது கதை. அந்த நோயாளி யார் என்பதை எழுதி, இன்னும் பாராதவரின் சுவையைக் கெடுக்க மாட்டேன். யூட்யூபில் காணக் கிடைக்கின்றது.

குறை இல்லாமல் இல்லை. அறிவியலை விளக்க வேண்டிய இடங்களில் பாத்திரங்கள் பாடம் நடத்தத் தொடங்கிவிடுகின்றன. பாடம் நடத்துவதையே தொழிலாகக் கொண்ட எனக்கே கொட்டாவி வந்தது. பின்னணி இசை சில வேளை நம்மை நம்பாமல், இங்கே அஞ்சு, இங்கே அஞ்சு என்று தோளைத் தட்டுகின்றது. ஆனால் இருட்டில் நின்று கேட்கும் அச்சிறுவனின் முகம்! தேர்ந்த நடிகர்க்கும் அவ்வளவு எளிதில் வாய்க்காத முகம் அது.

இத்தொடர் முதலில் வந்த நாள்களில் நான் ஓதி முடித்து, புதுச்சேரியில் ஆசிரியனாக அமர்ந்த புதிது. வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் சன்னல்கள் வழியாக அதன் ஓசை மட்டும் செவியில் விழும். மறுநாள் காலையில் மாணவர்கள் அதனையே பேசிக்கொண்டிருப்பர். ஒருவன் துணிந்து என்னிடமே கேட்டான்: “ஹஜ்ரத், கருப்பு கருப்புங்கறாங்களே, அது ஜின்னு தானே?” நான் சிறிதும் ஆராயாமல், “இருக்கலாம்” என்றேன். நாடகத்தைப் பாராமல், கதையை அறியாமல் சொன்ன விடை. ஆலிம் ஒருவர் ‘தெரியாது’ என்று சொல்வது அறிவில் பாதி என்று மாணவர்க்குக் கற்பித்துக்கொண்டிருந்தவனும் நானேதான்.

அந்த ஒரு சொல்லோடு போயிருந்தால் இதனை எழுதியிருக்க மாட்டேன். ஏறத்தாழ அதே காலத்தில் எங்கள் பகுதியில் ஒரு குடும்பத்துப் பெண்பிள்ளை திடீரென்று வேறு குரலில் பேசலானாள். உறக்கம் இல்லை, உணவு இல்லை. சில நாள் பெற்ற தாயையே அறியவில்லை. அவளுடைய வாப்பா என்னிடம் வந்து நின்றார். அவரிடமும் நான் அதே விடையைச் சொன்னேன். இருக்கலாம் என்றேன். ஓர் ஆசிரியரின் ‘இருக்கலாம்’, கலங்கிய தந்தையின் செவியில் ‘ஆம்’ என்றே விழும். தாயத்து எழுதுபவர், நூல் முடிபவர், நீர் ஓதிக் கொடுப்பவர் என்று ஓராண்டுக்கு மேல் அலைந்தனர். நகையும் போயிற்று. ஜிப்மர் போன்ற பெருமருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்க, கடைசியாகத்தான் ஒரு மனநோய் மருத்துவரிடம் சென்றனர். சில மாதங்களில் பிள்ளை தெளிந்தாள். அந்த ஓராண்டை நான் எவரிடமிருந்தும் திருப்பிக் கொடுக்க இயலாது.

ஜின்கள் உண்டு என்பது நம் நம்பிக்கை. திருமறையின் 72-ஆம் அத்தியாயத்துக்கு அவர்களின் பெயரே சூட்டப்பட்டிருக்கின்றது. இதனை மறுப்பவன் அல்லன் நான். ஆனால் ஜின் உண்டு என்பது வேறு. இதோ இந்தப் பிள்ளையிடம் இருப்பது ஜின் என்பது வேறு. முன்னது இறைவன் அறிவித்தது. பின்னது நாம் அறிவிப்பது. மறைவானவற்றின் அறிவு இறைவனுக்கே உரியது என்று நாவால் கூறிவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குள் புகுந்த ஜின்னின் பெயர், ஊர், கேட்கும் காணிக்கை யாவற்றையும் அறிந்தவர்போல் பேசுவது எவ்வகை ஈமான்? சுலைமான் (அலை) அவர்கள் ஊன்றுகோலில் சாய்ந்தபடியே உயிர் நீத்தார்கள். ஏவல் செய்துகொண்டிருந்த ஜின்கள் அதனை அறியாமல் உழைத்துக்கொண்டே இருந்தன. கரையான் கோலை அரித்து, உடல் சாய்ந்த பிறகுதான் விளங்கிற்று என்று 34-ஆம் அத்தியாயம் கூறுகின்றது. கண்ணெதிரே நிகழ்ந்த மரணத்தையே அறியாத ஜின்னிடம், காணாமற்போன நகை எங்கே, மாப்பிள்ளை எப்போது வருவார் என்று கேட்கின்றோம்.

நம் முன்னோரில் இதனை ஆராய்ந்தவர்கள் இல்லாமலில்லை. பஸரா நகரின் ஜாஹிள் (இறப்பு ஹிஜ்ரி 255) தம் ‘கிதாபுல் ஹயவா’னில், பாலைவனத்து அரபிகள் பேயையும் ஜின்னையும் கண்டதாகக் கூறும் கதைகளைத் திரட்டிவிட்டு, தம் ஆசிரியர் நள்ளாமின் விளக்கத்தையும் தருகின்றார். ஆளற்ற பெருவெளியில் தனித்திருப்பவனுக்குச் சிறியது பெரியதாய்த் தோன்றும். கேளாத ஒலி கேட்கும். அதனை அவன் கவிதையாக்குவான். கவிதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அடுத்த முறை பாலைக்குச் செல்லும்போது அச்சத்தோடே செல்வான் என்பது அதன் கருத்து. ‘விடாது கருப்பி’ன் கதைப்பொருளே இதுதான். ஆயிரத்து நூறாண்டுக்கு முந்தைய அரபு நூலில் கிடப்பதைச் சின்னத்திரை வந்து நமக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

வெளிநாட்டிலும் இத்தகைய ஆயுட்குறைவான தொடர் ஒன்று உண்டு. நம் ஊரில் பலர்க்கும் இருப்பதுபோல் எனக்கும் பிரான்சில் உறவினர் உளர். அவர் ‘தொசியே ப்ரூலான்’ என்னும் பிரெஞ்சுப் பெயரால் அறிந்திருந்த அமெரிக்கத் தொடரின் உண்மைப் பெயர் ‘கோல்சாக்: இரவு வேட்டையாளன்’. 1974 செப்டம்பர் 13-இல் தொடங்கி, 1975 மார்ச் 28-இல் இருபது பகுதிகளோடு முடிந்துபோயிற்று. டேரன் மெக்கவின் நடித்த கோல்சாக், சிகாகோவின் செய்தியாளர். கசங்கிய கோடையங்கி, வைக்கோல் தொப்பி, ஓயாத வாய். வாரம் ஒரு பேயை, பிசாசை, பூதத்தை அவர் கண்டுபிடிப்பார். ஆதாரம் அழிந்துவிடும், அல்லது மேலிடம் பறித்துக்கொள்ளும். ஆசிரியர் செய்தியை அச்சிட மாட்டார். பின்னாளில் 1993-இல் புகழ்பெற்ற ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரைப் படைத்த கிரிஸ் கார்ட்டர், தமக்கு ஊக்கம் தந்தது இதுவே என்று கூறியிருக்கின்றார்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். கோல்சாக்கின் ஊரில் பேய் மெய்; ஊரார்தான் நம்ப மறுக்கின்றனர். சித்தர்பட்டியிலோ ஊரார் முழுமையாக நம்புகின்றனர். ஆராய வந்தவர்தான் மறுக்கின்றனர். அமெரிக்காவில் அதிபர் நிக்சன் பதவி விலகியது 1974 ஆகஸ்டு 9-இல். ஐந்து வாரத்தில் இத்தொடர் தொடங்கிற்று. ஆட்சியாளர்கள் மெய்யை மறைக்கின்றார்கள் என்று நாடே ஐயுற்ற வேளை. அங்கே அதிகாரம் அற்புதத்தை மறைத்தது என்பது கதையாயிற்று. இங்கே அற்புதம் குற்றத்தை மறைத்தது என்பது கதையாயிற்று. அவரவர் அஞ்சுவது அவரவர் கதையில் வருகின்றது.

அத்தொடரின் ஒரு பகுதி நமக்கு நெருக்கமானது. 1974 டிசம்பர் 20-இல் வந்த அதில், சிகாகோவின் ஏழை யூத முதியோர் வாழும் பகுதியில், எலும்பு மட்டும் எஞ்சிய உடல்கள் கிடைக்கின்றன. செய்பவன் நம் நாட்டு இராட்சதன்! பார்ப்பவர் எவரை மிகவும் நம்புகின்றாரோ அவருடைய உருவிலேயே அவன் வருவான். அவனை அழிக்க வந்த இந்திய முதியவர் காப்புக்காகச் சுவர்களில் சுவஸ்திகம் தீட்டுகின்றார். யூத முதியோர் அதனை நாஜிகளின் சின்னமென்று எண்ணி நடுங்குகின்றனர். ஒரே கோலம் ஒருவர்க்குக் காவல், ஒருவர்க்குக் கொலைமிரட்டல். எவ்வளவு சிறிய நாடகத்தில் எவ்வளவு பெரிய உண்மை! அரபிகளின் ‘கூல்’ என்னும் உருமாறும் பேயும் இவ்வினத்ததே. கூல் என்பது இல்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக ஸஹீஹ் முஸ்லிமில் நபிமொழி உண்டு. அதன் உருமாறும் ஆற்றலையே மறுத்தார்கள் என்று பொருள் கொண்ட அறிஞரும் உளர். எப்படியாயினும், நம்பிக்கைக்குரிய முகத்தோடு வந்து உண்பவன் என்னும் கற்பனை பொய்யன்று. தாயத்துக்காரரும் அப்படித்தான் வந்தார். அவரை அனுப்பிவைத்த முகம் என்னுடையது.

2001 ஆகஸ்டு 6-ஐ நாம் மறந்துவிட்டோம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மாண்டவர் 28 பேர். தர்காவின் பெயரை நாடி, குணமாகும் என்று உறவினர் கொண்டுவந்து விட்டவர்கள். எல்லாச் சமயத்தாரும் அவர்களில் அடங்குவர். அதன் பின்னரே அரசு அத்தகைய காப்பகங்களை மூடிற்று. ‘விடாது கருப்பு’ தமிழ் வீடுகளில், இது தெய்வமா நோயா என்று கேட்டு மூன்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அக்கேள்வியை நாம் கதவுக்கு அப்பால் நடக்கும் கதை என்று பார்த்தோம். வீட்டுக்குள் உறங்காமல் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றியதாகக் கொள்ளவில்லை. மாற்றார் தெய்வத்தைப் பற்றிய கதை என்று எண்ணியதால் நமக்கு அதனைப் பார்ப்பது எளிதாயிருந்தது. கருப்பு என்ற இடத்தில் ஜின் என்று வைத்திருந்தால் நம்மில் எத்தனை பேர் கண்டனத் தீர்மானம் போட்டிருப்போம்!

இத்தொடரின்மேல் எனக்குள்ள பெருங்குறை வேறு. இந்திரா சௌந்தர்ராஜன் முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்த பின்பு, கடைசிக் கதவு ஒன்றைச் சற்றே திறந்து வைத்துவிட்டுப் போகும் பழக்கமுடையவர். எல்லாம் மனிதர் செயல்தான், ஆனாலும்… என்று ஓர் இழுப்பு. வாசகர் அதனைப் பெரிதும் விரும்பினர். அதுவே அவருடைய முத்திரை என்றும் கூறுவர். கலை என்ற அளவில் அதன் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தனை வாரம் ஆதாரம் ஆதாரம் என்று அலைந்த கதை, இறுதி நொடியில் அதனைக் கைவிட்டு ஊராரைப் பார்த்துக் கண்சிமிட்டுகின்றது. சட்டையில் கிழிசல் இல்லை என்று காட்டிய பிறகும், ஓநாய் வந்திருக்கவும் கூடும் என்று முடிப்பது போன்றது அது.

அற்புதத்துக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றில் மூன்று சட்டைகள் வருகின்றன. முதலாவது கிழியாத சட்டை. இரண்டாவது, எஜமானன் மனைவி சாட்டிய பழியின்போது பின்புறம் கிழிந்திருந்த சட்டை. முன்புறம் கிழிந்திருந்தால் அவர் குற்றவாளி, பின்புறமாயின் அவள் பொய்யள் என்று அவள் குடும்பத்தானே அளவுகோல் வைத்தான். மூன்றாவது, எகிப்திலிருந்து வந்து, அழுதழுது பார்வை இழந்த தந்தையின் முகத்தில் போடப்பட்டதும் ஒளி மீண்ட சட்டை. அது அற்புதம், அப்படியே நம்புகின்றோம். ஆனால் முதலிரண்டு சட்டைகளுக்கு அற்புதத்தை எவரும் அழைக்கவில்லை. கையால் தடவிப் பார்த்தார்கள். மூன்றாவதன் மறைவில் எந்தக் குற்றவாளியும் ஒளிந்திருக்கவுமில்லை. இவ்வேறுபாட்டைத்தான் அந்தக் கடைசி இழுப்பு கலைத்துவிடுகின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துப்பறிவோன் என்பவனே நமக்கு ஐயத்துக்குரியவன். பிறர் குற்றங்களைத் துருவுதலை 49-ஆம் அத்தியாயம் விலக்குகின்றது. அதே அத்தியாயம் சற்று முன்னர், தீயவன் கொண்டுவரும் சேதியைத் தெளிந்த பின்னரே நம்புக என்றும் பணிக்கின்றது. துருவாதே, ஆனால் தெளிந்துகொள். இரண்டுக்கும் இடையே நூலிழைதான். உமர் (ரலி) அவர்கள் இரவில் ஒரு வீட்டுச் சுவரேறிக் குதித்து மது அருந்தியவனைப் பிடிக்க, நான் செய்தது ஒரு குற்றம், நீங்கள் செய்தவை மூன்று என்று அவன் எண்ணிக் காட்ட, கலீஃபா அவனை விட்டுச் சென்ற நிகழ்ச்சியை நூல்கள் பேசும். புதுச்சேரிக்காரர்களுக்கு இது விளக்க வேண்டாதது. பாரதியாரும் வ.வே.சு. ஐயரும் அரவிந்தரும் இங்கே தங்கியிருந்த நாள்களில், ஆங்கில அரசின் ஒற்றர்கள் வீடு பிடித்து அமர்ந்து வேவு பார்த்த ஊர் இது. ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய்க் காகிதங்களைப் போட்டு, அவர்கள்மீது பழி சுமத்த முயன்றதும் இங்கேதான். சட்டையில் ஆட்டு இரத்தத்தைத் தோய்த்தவர்களின் வழியில் வந்தவர்கள்! ‘மர்மதேச’த்தில் ஆராய வருவோர் சில இடங்களில் இந்த எல்லையை மிதிக்கின்றனர், பூட்டைத் திறக்கின்றனர், பிறர் கடிதத்தைப் படிக்கின்றனர். கதையும் அதனைக் கேட்பதில்லை.

நாகா 2024-இல் ‘ஐந்தாம் வேதம்’ என்னும் குறுந்தொடரை இணையத்தில் தந்தார். சில வாரங்களுக்குள், அவ்வாண்டு நவம்பர் 10-இல், இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். அச்செய்தியைக் கேட்ட பிறகுதான் இத்தொடரை உட்கார்ந்து பார்க்க எனக்குத் தோன்றிற்று. பார்த்து முடித்ததும், அன்று என்னிடம் கேட்ட மாணவரைத் தேடிச் சென்றேன். அவர் இப்போது கடை வைத்திருக்கின்றார், தாடி நரைத்துவிட்டது. முப்பதாண்டுக்கு முன் கொடுத்த விடையைத் திரும்பப் பெற்றுக்கொள்கின்றேன் என்றேன். எந்த விடை என்றே அவர்க்கு நினைவில்லை. கதையைச் சொல்லி நினைவூட்டினேன். சிரித்தார்.

“நான் எங்க ஹஜ்ரத் முடிவு வரைக்கும் பார்த்தேன்? நீங்க ஜின்னுன்னு சொன்னீங்கன்னு வீட்ல போய்ச் சொன்னேன். வாப்பா மறுநாளே டி.வி.யை வித்துட்டாங்க.”